கடவுளை நம்பினால் போதாதா, கீழ்ப்படியவும் வேண்டுமா?

கேள்வி இதுதான்: "கிறிஸ்தவர்கள் எதற்காக இயேசுவை நம்புகிறார்கள்? நம்புவதோடு விடாமல் 'கீழ்ப்படிய வேண்டும்' என்கிறார்களே, அது நரகத்துக்குப் பயந்தா, ஆசீர்வாதம் கிடைக்கும் என்றா?"

என்னைப் பொறுத்தவரை சொல்கிறேன். வேலூரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவர்கள் நாங்கள். ஆகவே நான் கிறிஸ்தவராக ஆனதற்குக் காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: பிறப்பு. வேறு வீட்டில் பிறந்திருந்தால் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயில் படி ஏறிக்கொண்டிருப்பேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் ஏதோ ஒரு வீட்டில்தான் பிறக்கிறோம். ஆனால் வளர்ந்து, சம்பாதித்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாவிட்டால் யாரும் திட்டமாட்டார்கள் என்கிற வயது வந்த பிறகும் ஏன் போகிறேன் என்று கேட்டால், அதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நரக பயம் எங்கள் தலைமுறையில் சண்டே ஸ்கூலோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பயத்தை விட இப்போது பெரிய சிக்கல் ஆசீர்வாதம்தான். தொலைக்காட்சியிலும் திறந்தவெளிக் கூட்டங்களிலும் நடப்பதைப் பார்த்தால் உங்களுக்கு அப்படித்தான் தோன்றும், உங்களைக் குறை சொல்லமாட்டேன். காணிக்கை போடு, வீடு வரும். உபவாசம் இரு, விசா வரும். எதற்கு எது என்று ஒரு விலைப்பட்டியலே மனதுக்குள் ஓடுகிறது. நான் தோல் பொருள் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறவள். கொடுக்கல் வாங்கல் எது என்று எனக்குத் தெரியும். இது கொடுக்கல் வாங்கல். இதற்குக் கடவுள் தேவையே இல்லை, நல்ல சீட்டுக் கம்பெனி போதும்.

இந்த மாதிரிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் மேரி வர்கீஸ் ஞாபகம் வருவார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனார். அவருக்காக ஜெபிக்காதவர்கள் இருந்திருப்பார்களா? அவர் கடைசிவரை எழுந்து நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் டாக்டர் பால் பிராண்ட். பிறகு வெளிநாட்டில் படித்துத் திரும்பி வந்து, 1960-களில் இங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையை ஆரம்பித்தார். வேலூரை ஒட்டிய பாகாயத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இன்றைக்கும் போய்ச் சேருகிற இடம் அப்படி வந்ததுதான். "விசுவாசம் இருந்தால் சுகம்" என்கிற கணக்குப்படி பார்த்தால் மேரி வர்கீஸுக்கு விசுவாசம் இல்லை என்றாகிவிடும். அதை வேலூரில் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

சரி, காரணத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்தவ நம்பிக்கையில் எனக்குப் பிடித்தது, அது தன் கழுத்தைத் தானே நீட்டுகிறது. "கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்" என்று ஆரம்பகாலக் கிறிஸ்தவத் தலைவர் பவுல் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதுகிறார். நல்ல நீதிமொழிகள் இருக்கின்றன, மன அமைதி கிடைக்கிறது, அதனால் வைத்துக்கொள்ளலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. ஒரு நிகழ்ச்சி நடந்தது, அல்லது நடக்கவில்லை. நடக்கவில்லை என்றால் மூட்டையைக் கட்டிவிடலாம். அந்தக் கடிதம் இயேசு சிலுவையில் அறையப்பட்டு சுமார் இருபது, இருபத்தைந்து வருடங்களில் எழுதப்பட்டது. உயிர்த்த பிறகு அவரைக் கண்டவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. போய்க் கேட்டுக்கொள் என்று சொல்கிற மாதிரி. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்கிற நான்கு சுவிசேஷங்களும் அவர் கல்லறை காலியாக இருந்ததை முதலில் பார்த்தவர்கள் பெண்கள் என்கின்றன. பெண்களின் சாட்சியத்துக்கு அவ்வளவாக மதிப்பில்லாத ஒரு சமூகத்தில் கதை கட்டுகிறவன் இப்படிக் கட்டமாட்டான். முக்கிய சீஷர்களான பேதுருவையோ யோவானையோ முதலில் அனுப்பியிருப்பான். சீஷர்களையும் பாருங்கள். இயேசுவைக் கைது செய்த இரவில் ஓடிப்போனவர்கள், கொஞ்ச நாளில் அதே எருசலேமில் நடுத்தெருவில் நின்று பேசுகிறார்கள்.

இது கணக்கில் வருகிற நிரூபணம் இல்லை. இதே தகவல்களை வைத்துக்கொண்டு வேறு விளக்கம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மனப்பிரமை என்பார்கள், பிற்காலத்தில் வளர்ந்த கதை என்பார்கள். படித்திருக்கிறேன், எனக்கு ஒட்டவில்லை. ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் என் புத்தி சொல்கிறது. ஆனால் புத்தி சொல்வதோடு நின்றுவிட்டால் அது ஒரு சரித்திரக் கருத்து, அவ்வளவுதான். கிருஷ்ணதேவராயர் இருந்தார் என்று நானும் நம்புகிறேன், அதனால் என் திங்கட்கிழமை மாறுவதில்லை. நீங்கள் கேட்ட "கீழ்ப்படிதல்" இங்கேதான் உள்ளே வருகிறது. அவர் உயிரோடு இருக்கிறார் என்றால், அவர் சொன்னது பழைய புத்தகத்தில் இருக்கிற வசனம் மட்டும் அல்ல, இன்றைக்கு எனக்குச் சொல்கிற பேச்சு. பேச்சுக்கு ஒன்று செவி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுக்க வேண்டும். கேட்காத மாதிரி இருப்பதும் மறுப்பதுதான்.

சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை வேலூர்க்காரர்களுக்குப் பழகிப்போன கதை. வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா முதல் அப்பா வரை எல்லாரும் மிஷனரிகள். அதனாலேயே அவருக்கு அது வேண்டாம். அமெரிக்காவில் படித்து, அங்கேயே வாழ வேண்டும் என்றுதான் ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்த இடத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். ஐடாவின் அப்பா டாக்டர், ஆனால் ஆண் மருத்துவர் வரக்கூடாது, நீ வா என்கிறார்கள். ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். வந்த சில மாதங்களிலேயே அப்பாவும் இறந்துபோனார். 1902-ல் கட்டிய முதல் ஆஸ்பத்திரிதான் இன்றைக்கு ஆரணி ரோட்டில் கண் சிகிச்சைக்குப் போகிற ஷெல் ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

இதைப் பலரும் கிறிஸ்தவம் உண்மை என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். நான் காட்டமாட்டேன். சேவை செய்கிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள், எந்த மதமும் இல்லாதவர்களிலும் இருக்கிறார்கள். கொடுமை செய்தவர்கள் எங்கள் பக்கமும் நிறைய. அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவருக்கு வானத்திலிருந்து குரல் கேட்கவில்லை. பிடிக்காத ஒரு வேலை வாசலில் வந்து நின்றது. பிடிக்கிற வரை காத்திருந்தால் அவர் வந்தே இருக்கமாட்டார். கீழ்ப்படிதல் என்றாலே உள்ளம் பொங்கி வழிய வேண்டும் என்று எங்கள் ஆட்களே பாடிப் பாடிப் பழக்கிவிட்டார்கள். கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்தபோது இயேசுவே "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று சொல்வதற்கு முன்னால், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றுதானே கேட்டார். வேண்டாம் என்று சொல்லவும் அங்கே இடம் இருக்கிறது.

என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். அப்பா இறந்த பிறகு, வாலாஜா பக்கம் இருந்த ஒரு மனையைச் சித்தப்பா தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். கையெழுத்து எப்படி வாங்கினார் என்பதெல்லாம் பெரிய கதை. வருடக்கணக்கில் பேச்சு இல்லை. பிறகு அவருக்குச் சிறுநீரகக் கோளாறு, வேலூரில் அட்மிட் செய்திருக்கிறார்கள். அம்மா கேரியரில் உப்பு குறைத்த சாப்பாடு கட்டிக்கொண்டு தினமும் கிளம்ப ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அவருக்கு எதுக்கும்மா?" என்று கத்தினேன். அம்மா தூக்கு மூடியை அழுத்திக்கொண்டே சொன்னார்: "எனக்கும் பிடிக்கலடி. ஆனா தினமும் இயேசு கத்துக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்றேன் இல்ல? அதுல அந்த ஒரு வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

எந்த வரி என்று கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்."

மனை திரும்பி வரவில்லை. சித்தப்பா மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு நாள் ரசத்தில் புளி ஜாஸ்தி என்றாராம். அம்மா முகத்தில் தெய்வீக ஒளி எதுவும் வீசவில்லை, பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்ததில் கால் வலிதான் அதிகமானது. ஆனால் அம்மாவின் ஜெபத்தில் அதற்கு முன்னால் இருந்த ஒரு இறுக்கம் போய்விட்டது. பக்கத்தில் படுக்கிறவள் எனக்குத் தெரியும். எனக்கு அது எந்தப் பிரசங்கத்தையும் விடப் பெரிய காரணம். பலனே இல்லாமல், பயமும் இல்லாமல், பிடிக்கவும் இல்லாமல் ஒருவர் கீழ்ப்படிவதைப் பார்த்தேன். அப்படிக் கீழ்ப்படிய யாராவது மறுபக்கம் இருக்க வேண்டும் அல்லவா?

யோவான் சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் இயேசு ஒன்று சொல்கிறார்: கடவுளின் சித்தப்படி செய்ய மனதுள்ளவன், இந்த உபதேசம் கடவுளிடமிருந்து வந்ததா இல்லையா என்று அறிந்துகொள்வான் என்று. நாம் நினைப்பதற்கு நேர் எதிர் வரிசை. முதலில் எல்லாம் நிரூபணமாகட்டும், பிறகு செய்கிறேன் என்போம். அவர் செய்யத் துணிந்து பார், தெரியும் என்கிறார். எங்கள் பாலாறு மாதிரி. மேலே நின்று பார்த்தால் வெறும் மணல், ஆறு என்று யாரும் நம்பமாட்டார்கள். கையால் தோண்டினால்தான் ஊற்று கசியும். (மணலை விட்டுவைத்திருக்கிற இடத்தில் சொல்கிறேன்.)

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கடவுளுக்குக் கீழ்ப்படிவது வேறு, மேடையில் நிற்கிற ஆளுக்குக் கீழ்ப்படிவது வேறு. "அபிஷேகம் பெற்றவரை எதிர்த்துப் பேசாதே" என்று வாயடைக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இயேசு அனுப்பிய சீஷர்களான அப்போஸ்தலர்களோ, எருசலேமின் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, மனிதருக்குக் கீழ்ப்படிவதை விடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்றார்கள். எதிரே இருந்தவர்கள் மதத் தலைவர்கள் என்பதைக் கவனியுங்கள். என்னிடம் இரண்டு விதமாகப் பில் போடச் சொன்ன ஒரு முதலாளி இருந்தார். முடியாது சார் என்றேன். அவர் ஆலயக் கமிட்டியில் இருந்தவர் என்பது கூடுதல் தகவல். பதவி உயர்வு வேறு ஒருவருக்குப் போனது. அதை ஆராதனையில் கடவுள் செய்த நன்மையைச் சொல்கிற சாட்சி நேரத்தில் சொன்னால் யாரும் அல்லேலூயா சொல்லமாட்டார்கள், ஏனென்றால் முடிவில் எனக்கு இன்னும் பெரிய வேலை கிடைக்கவில்லை.

கீழ்ப்படியாமைக்கு உதாரணம் வேண்டுமென்றால் அதற்கும் வெளியே தேட வேண்டாம். கிறிஸ்துவுக்குள் யூதன் கிரேக்கன் என்ற வித்தியாசம் இல்லை என்று வாசித்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்கும்போது முதல் கேள்வியாகச் சாதி கேட்கிறோம். ஒரே அப்பத்தில் திருவிருந்து எடுப்பவர்கள்தான். நாங்கள் கல்யாணத்தில் கடவுளுக்குக் கீழ்ப்படியாதது, பாட்டு சரியில்லை என்பது போலச் சின்ன விஷயம் அல்ல. எங்களைப் பார்த்து ஒருவர் இயேசுவை வேண்டாம் என்று சொன்னால், பாதித் தப்பு எங்களுடையது.

சந்தேகமே வராதா என்றும் கேட்பீர்கள். வரும். அப்பா ஐ.சி.யூ.வில் இருந்தபோது நான் ஜெபித்த ஜெபத்துக்குக் கிடைத்த பதில் எனக்கு இன்னும் புரியவில்லை. அன்றைக்கு என்னால் சொல்ல முடிந்தது, மாற்கு சுவிசேஷத்தில் பிள்ளைக்காக வந்து நின்ற ஒரு தகப்பன் சொன்னதுதான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இரண்டும் ஒரே மூச்சில். இயேசு அந்த ஆளைப் போய்ச் சந்தேகம் தீர்த்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை.

உங்கள் கேள்வியில் ஆர்வம் இருப்பது போலத் தெரிகிறது, சண்டைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அதனால் ஒன்று: என் பதிலை வைத்தோ பிரசங்கிகளை வைத்தோ முடிவு செய்ய வேண்டாம். மாற்கு சுவிசேஷம் மொத்தம் 16 அதிகாரம், ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கரடுமுரடாக இருந்தால், புதிய மொழிபெயர்ப்புகளும் கிடைக்கின்றன. படித்துவிட்டு, இயேசு சொன்னதில் எது உங்களுக்கு எரிச்சல் மூட்டியது என்று கீழே எழுதுங்கள். அதைப் பற்றிப் பேசலாம்.