பில்டர் நீட்டுற எக்ஸ்ட்ரா ஒர்க் லிஸ்ட்ல எதுக்கு டிக் போடுறது?

கேள்வி: அக்கா, மேடவாக்கம் பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் புக் பண்ணிருக்கோம். செங்கல் கட்டு முடிஞ்சிருச்சு, பூச்சு இன்னும் ஆரம்பிக்கல. பில்டர் ஆபீஸ்ல எக்ஸ்ட்ரா ஒர்க் லிஸ்ட்ட குடுத்து பத்து நாள்ல சொல்லுங்கன்னு அவசரப்படுத்துறாங்க. பெரிய டைல்ஸ், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், ஏசி பைப், கூடுதல் பிளக் பாயின்ட், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ்னு ஒரு பக்கம் ஃபுல்லா இருக்கு. கையில இருக்கறது 2 லட்சம். வீட்டுக்காரர் ஃபால்ஸ் சீலிங்ல ஒத்தக்கால்ல நிக்குறார், எனக்கு கிச்சன் தான் வேணும். என்ன பண்றது?
– ஒரு வாசகி

பதில்: ரெண்டு பேரோட ஆசையையும் இப்போதைக்கு அடிச்சுடுங்கம்மா. சீலிங், கிச்சன் கப்போர்டு எல்லாம் குடி போனப்புறம் கூட நாலு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கி பேரம் பேசி பண்ணிக்கலாம், பில்டர்கிட்ட அவர் சொன்னது தான் ரேட்டு. சமையல் மேடை உயரத்த மட்டும் இப்பவே சொல்லிடுங்க, நீங்க நின்னு அளந்து சொல்லுங்க, மேஸ்திரி அவர் உயரத்துக்கு போட்டார்னா காலம் பூரா இடுப்பு வலி உங்களுக்குத் தான்.

பூச்சு ஆரம்பிக்கலன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அங்க தான் காசு போகணும். முதல்ல கரன்ட்டு. ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் ஒயர்ல தனி லைன், கீசருக்கும் தனி லைன், இன்வெர்ட்டருக்கு வயரிங். கிச்சன்ல மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், ஆர்ஓ, சிம்னி, ஓவன்னு பேப்பர்ல எழுதி எண்ணிட்டு அவங்க பிளான்ல எத்தனை பிளக் இருக்குன்னு பாருங்க, கண்டிப்பா இடிக்கும். அடுத்து ஏசி காப்பர் பைப்பும் டிரெயின் பைப்பும். நான் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டவ தான், ஏசி தண்ணி கீழ் வீட்டு பால்கனில காயப்போட்ட துணி மேல சொட்டி சொட்டி அந்த மாமி ரெண்டு வருஷமா என்கிட்ட முகம் குடுத்து பேசுறதில்ல, கடைசில பெயின்ட் அடிச்ச சுவத்த வெட்டித் தான் பைப் விட்டேன்.

பாத்ரூம்ல சுவத்துக்குள்ள போற டைவர்ட்டர், அதான் தண்ணிய ஷவருக்கும் குழாய்க்கும் மாத்தி விடற வால்வு, நல்ல பிராண்டா கேளுங்க, வெளிய தெரியற குழாய் சாதாரணமே போதும். நம்ம ஊர் போர் தண்ணிக்கு எந்த குழாயும் ரெண்டே வருஷத்துல உப்பு பூத்துரும். வாட்டர்ப்ரூஃபிங் போடறப்போ நேர்ல போய் நில்லுங்க. குடி போனப்புறம் வெளி ஆள வெச்சு பாத்ரூம் தரைய மட்டும் உடைக்காதீங்க. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி வீட்ட ஒப்படைச்சு 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துல, வேலைத்தரத்துல குறை வந்தா சொன்ன 30 நாள்ல பில்டர் அவர் செலவுல சரி பண்ணித் தரணும், நீங்க கை வெச்சிருந்தா நீங்க தான் உடைச்சீங்கன்னு அவர் நழுவிடுவார்.

கொசுவலை வேணும்னா ஜன்னல்ல அதுக்கு தனி டிராக் வரும், ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே சொல்லணும். மேடவாக்கத்துல கொசுவலை இல்லாம இருந்துடுவேன்னு நினைக்காதீங்க. பெரிய டைல்ஸ் வேண்டாம், குடுக்கறதே போதும். அப்படியும் மாத்துனா பழைய டைல்ஸ் விலைய கழிச்சு மீதிய மட்டும் வாங்கச் சொல்லுங்க, நாம கேக்காம அவங்களா கழிக்க மாட்டாங்க. எல்லா ரேட்டும் ஜி.எஸ்.டி. சேத்தா சேக்காமலான்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

பூசறதுக்கு முன்னாடி டேப்ப பிடிச்சு ஒவ்வொரு சுவத்தையும் போட்டோ எடுத்து வைங்க, நாளைக்கு ஆணி அடிக்கறப்போ பைப் எங்க போகுதுன்னு தெரியும். வீட்டுக்காரருக்கு ஹால் சுவத்து உச்சில சீலிங் லைட்டுக்கு ஒரு ஒயர் மட்டும் இழுத்து விடச் சொல்லுங்க, அடுத்த போனஸ் வர வரைக்கும் அதப் பாத்து சமாதானமா இருப்பார்.