35 வருட ஹொக்கி அட்டைகள்: எதை வைத்திருப்பது, எதை விடுவது?

கேள்வி: 1989இல் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஸ்காபரோவில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் ஹொக்கி அட்டைகள் (ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரர்களின் படம் போட்டவை) வாங்கத் தொடங்கினேன், இன்றுவரை விடவில்லை. பேஸ்மென்றில் எட்டு சப்பாத்துப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் 1990 முதல் 1993 வரையானவை. பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறியபோது தந்த பழைய அல்பம் ஒன்றில் 1979-80 அட்டைகளும், மூலை தேய்ந்த ஒரு வெய்ன் கிரெட்ஸ்கி அட்டையும் உண்டு. 2005இல் கிடைத்த சிட்னி குரொஸ்பி 'யங் கன்ஸ்' (புதிய ஆட்டக்காரர்களுக்கான அட்டை வரிசை) ஒன்றும் இருக்கிறது. இப்போது சிறிய வீட்டுக்கு மாறப்போகிறோம். ஒரு கடைக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 800 டொலர் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? கிரேடிங்குக்கு, அதாவது தரம் மதிப்பிட, அனுப்பவேண்டுமா? வைத்திருப்பதென்றால் எப்படிப் பாதுகாப்பது? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: 800 டொலருக்குக் கொடுக்கவேண்டாம். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. எட்டுப் பெட்டிகளையும் தூக்கிச் சென்று, பிரித்து, விற்பது அவருக்கும் வேலைதான். ஆனால் அந்த கிரெட்ஸ்கி உண்மையானது என்றால், மூலை தேய்ந்திருந்தாலும் அது ஒன்றே சில நூறு டொலருக்குக் குறையாது. குரொஸ்பியும் அப்படியே. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு மீதிக்கு எவ்வளவு தருவீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பெட்டிகளுக்கு விலை பேசினாரா, இரண்டு அட்டைகளுக்கு விலை பேசினாரா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

ஹொக்கி அட்டையில் முதலில் பார்க்கவேண்டியது வருடம். ஆட்டக்காரர் யார் என்பது அதற்குப் பிறகுதான். உங்கள் சேகரிப்பின் பெரும்பகுதி எந்த வருடங்களில் விழுகிறது என்று பாருங்கள்: 1990 முதல் 1993 வரை. வருத்தத்தோடு சொல்கிறேன், இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றிலேயே அட்டைகள் அளவுக்கு மீறி அச்சிடப்பட்ட காலம் அது.

அதற்கு முன் பல வருடங்களாகக் கனடாவில் ஹொக்கி அட்டை என்றாலே ஓ-பீ-சீதான். ஒன்ராறியோவின் லண்டன் நகரத்து இனிப்பு, சுவிங்கம் கம்பனி அது. 1930களிலேயே ஹொக்கி அட்டைகள் வெளியிட்டது. பிற்காலத்தில் அமெரிக்காவின் ரொப்ஸ் கம்பனியோடு சேர்ந்து, ஒரே வடிவமைப்பில் அங்கே ரொப்ஸ் என்றும் இங்கே ஓ-பீ-சீ என்றும் வந்தன. 1990-91 பருவத்தில் ஸ்கோர், புரோ செட், அப்பர் டெக் என்ற மூன்று கம்பனிகளும் ஒரே நேரத்தில் ஹொக்கிக்குள் இறங்கின. பழைய அட்டைகள் பெரிய விலைக்குப் போகின்றன என்ற செய்தி அப்போது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. ஆகவே பெரியவர்களும் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலே அலுமாரியில் வைத்தார்கள். பழைய அட்டைகள் விலைப்பட்டதற்குக் காரணம், சிறுவர்கள் அவற்றைச் சைக்கிள் சக்கரத்தில் செருகியும், பொக்கற்றில் போட்டுத் திரிந்தும், கடைசியில் அம்மாமார் குப்பையில் போட்டும் அழித்ததுதான். 1991இல் யாரும் எதையும் அழிக்கவில்லை. அன்றைய பெட்டிகள் உறை பிரிக்காமல் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. ஒரு குடும்பம் பீட்சா சாப்பிடும் காசுக்கு வாங்கலாம்.

எனவே 1990-91 ஸ்கோரின் எரிக் லின்ட்ரோஸ், அப்பர் டெக்கின் யாகர், புரே போன்றவை ஒரு காலத்தில் நீங்கள் பள்ளிக்கூடத்தில் பத்து அட்டை கொடுத்து மாற்றியவையாக இருக்கலாம். இன்று அவை சில டொலர்கள். அச்சுப் பிழைகளுக்குப் பெயர்போன புரோ செட்டில், பிழை இருக்கிறது என்பதற்காக மட்டும் விலை கூடாது. பிழையும் ஆயிரக்கணக்கில் அச்சானது. விதிவிலக்காக ஒன்றைத் தேடலாம். 1990-91 அப்பர் டெக் பிரெஞ்சு மொழியிலும் வந்தது, அது ஆங்கிலப் பதிப்பைவிடக் குறைவாகவே அச்சானது. பின்பக்கம் பிரெஞ்சில் இருந்தால் அந்த அட்டைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். மற்றப் பெட்டிகளுக்கு ஒரு சனிக்கிழமைக்கு மேல் செலவிடவேண்டாம்.

அந்த அல்பத்துக்கு வருவோம்.

1979-80 ஓ-பீ-சீ தொகுதியில் 396 அட்டைகள். 18ஆம் இலக்கம் வெய்ன் கிரெட்ஸ்கி. அவருடைய எட்மன்டன் ஒயிலர்ஸ் அணி என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஹொக்கி லீக்குக்குள் நுழைந்த முதல் பருவம் அது. ஆகவே அதுதான் அவருடைய ருக்கி அட்டை, அதாவது முதல் பருவத்து அட்டை. மிகச் சிறந்த நிலையில், பி.எஸ்.ஏ. என்ற தரம் போடும் கம்பனியால் 10க்கு 10 என்று மதிப்பிடப்பட்ட பிரதி ஒன்று 2021இல் 3.75 மில்லியன் அமெரிக்க டொலருக்குக் கைமாறியது. ரெஜைனாவில் ஒரு வீட்டில் திறக்கப்படாமல் கிடந்த அதே வருடத்து ஓ-பீ-சீ பெட்டகம் ஒன்று, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அட்டைகளோடு, 2024இல் 3.72 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. உள்ளே கிரெட்ஸ்கி எத்தனை, எந்த நிலையில் என்று ஒருவரும் பார்த்ததில்லை. இந்தத் தொகைகளைக் கேட்டு உங்கள் அட்டையைப் பார்த்துக் கனவு காணவேண்டாம். 10க்கும், மூலை தேய்ந்த 3க்கும் நடுவே உள்ள தூரம் மில்லியன் கணக்கானது.

முதலில் அது உண்மையானதா என்று பாருங்கள். இந்த அட்டைக்குப் போலிகள் எண்பதுகளிலிருந்தே உலாவுகின்றன. பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்திருந்தால் ஓ-பீ-சீ, ஆங்கிலம் மட்டும் என்றால் ரொப்ஸ். ரொப்ஸும் நல்ல அட்டைதான், விலை குறைவு. பிறகு ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி எடுத்துக்கொண்டு எழுத்துகளைப் பாருங்கள். படம் முழுவதும் நிறப் புள்ளிகளாகத் தெரியும், அது இயல்பு. ஆனால் கறுப்பு எழுத்துகள் அறுத்த கோடுபோல நிறைந்து இருக்கவேண்டும். எழுத்தும் புள்ளி புள்ளியாகச் சிதறினால் அது அசலைப் படம் பிடித்து மறுபடி அச்சிட்ட போலி.

அடுத்து ஓரங்கள். ஓ-பீ-சீ அட்டைகளைக் கம்பியால் வெட்டியதால், ஓரம் பல இடங்களில் பிசிறடித்து, நார் எழும்பியதுபோல இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைச் சேதம் என்று நினைப்பார்கள். எனக்கு அது மனத்துக்கு நிம்மதி தரும் அடையாளம். நான்கு ஓரங்களும் சவரம் செய்ததுபோல வழுவழுப்பாக, மூலைகள் மட்டும் சந்தேகப்படும் அளவுக்குக் கூராக இருந்தால், யாரோ தேய்ந்த விளிம்பை வெட்டி எடுத்திருக்கலாம். உங்களுக்கு ஒரு வசதி உண்டு: அதே அல்பத்தில் அதே வருடத்துப் பெயர் தெரியாத ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை கிரெட்ஸ்கிக்குப் பக்கத்தில் வைத்து உயரம், அகலம், தடிப்பு, அட்டையின் நிறம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். அளவு 2.5 அங்குலம், 3.5 அங்குலம். இந்தத் தொகுதிக்கு நீல விளிம்பு என்பதால் சிறு உரசலும் வெள்ளையாகப் பல்லிளிக்கும். அதைப் பேனாவால் நிரப்பியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சாய்த்துப் பிடித்தால் மை வேறுவிதமாகப் பளபளக்கும்.

நீங்களாக எதையும் திருத்த முயலவேண்டாம். அழிறப்பரால் அழுக்கு எடுப்பது, மடிந்த மூலையைப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்துவது, ஈரத் துணியால் துடைப்பது எல்லாம் கண்டுபிடிக்கப்படும். கண்டுபிடிக்கப்பட்டால் 'மாற்றம் செய்யப்பட்டது' என்று தரம் போடாமல் திருப்பி அனுப்புவார்கள். தூசி என்றால் ஊதுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கிரேடிங் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அட்டையை நிபுணர்கள் சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் முத்திரையிட்டுத் தருவது அது. பி.எஸ்.ஏ., பெக்கெட் இரண்டும் அமெரிக்காவில் அதிகம் அறியப்பட்டவை. எளிய சேவைக்கே ஒரு அட்டைக்கு இருபது டொலருக்கு மேல் ஆகும், அட்டையின் மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். தபால், காப்புறுதி தனி. உங்கள் லின்ட்ரோஸை அனுப்பினால், விற்றாலும் திரும்பி வராத காசை நீங்கள் செலவிடுவீர்கள். உங்களிடம் இருப்பவற்றில் அனுப்பத்தக்கவை கிரெட்ஸ்கியும் குரொஸ்பியும் மட்டுமே. இரண்டுக்கும் காரணம் வேறு. கிரெட்ஸ்கிக்கு மதிப்பெண் முக்கியமில்லை; 2 வந்தாலும் சரி, 4 வந்தாலும் சரி, 'இது அசல்' என்ற உறுதிதான் விலையைத் தாங்கும். குரொஸ்பிக்கு நேர்மாறு: 2005-06 அப்பர் டெக் 201ஆம் இலக்கம் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது, 9க்கும் 10க்கும் இடையில்தான் பெரிய பாய்ச்சல். ஆகவே அனுப்பும் முன் அதை மேசை விளக்கின் கீழ் சாய்த்து, மேற்பரப்பில் கீறல் உண்டா, படம் நடுவில் இருக்கிறதா, நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா என்று இரக்கமில்லாமல் பாருங்கள். ஒரு மூலை வெளுத்திருந்தாலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் அல்லது அப்படியே விற்றுவிடுங்கள். (2004-05 பருவம் முழுவதும் ஆட்டமே நடக்காததால் இன்னொரு நட்சத்திரமான அலெக்சாண்டர் ஒவெச்கினும் குரொஸ்பியும் ஒரே வருடத்தில் ருக்கி ஆனார்கள். அதே தொகுதியின் 443ஆம் இலக்க ஒவெச்கினும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.)

அல்பத்தைப் புரட்டும்போது இன்னும் சில பெயர்களைத் தேடுங்கள். 1985-86 மாரியோ லெமியூ, 9ஆம் இலக்கம். 1986-87 பட்ரிக் ருவா, 53. அயலவர் உங்களைவிட மூத்தவர் என்றால், 1966-67 ரொப்ஸ் பொபி ஓர், மரச்சட்டத் தொலைக்காட்சிபோன்ற விளிம்போடு வந்தது, 35ஆம் இலக்கம். பார்க்கர்ஸ்ட் கம்பனி வெளியிட்ட 1951-52 தொகுதியில் கோர்டி ஹாவும் மொரிஸ் ரிஷாரும் உண்டு. அது கிடைத்தால் கையால் தொடாமல் அல்பத்தை மூடிவிட்டு ஒரு நல்ல தரகரைத் தேடுங்கள். அட்டையில் ஓ-பீ-சீ என்று இருப்பதால் மட்டும் பழையது என்று நினைக்கவேண்டாம். அந்தப் பெயரில் இப்போது அப்பர் டெக்தான் வெளியிடுகிறது.

பாதுகாப்பு: பெட்டியில் றப்பர் பட்டி போட்ட கட்டுகள் இருந்தால் பட்டியை இழுத்துக் கழற்றாதீர்கள். முப்பது வருடத்தில் அது உருகி மேல் அட்டையில் ஒட்டியிருக்கும். ஒரு பக்கத்தைக் கத்தரியால் வெட்டி, மெதுவாக உரியுங்கள். பழைய அல்பத்தின் பிளாஸ்டிக் தாள்கள் மென்மையாக, நாறிக்கொண்டு, தொட்டால் பிசுக்கெனப் பட்டால் அவை பி.வி.சி. கலந்தவை, அட்டையின் மையையே உறிஞ்சும். இன்றைய பி.வி.சி. இல்லாத ஒன்பது அறைத் தாள்களுக்கு மாற்றுங்கள். கோப்பு வாங்கும்போது வளையம் 'டி' வடிவில் உள்ளதாகப் பாருங்கள். வட்ட வளையத்தில் முதல் வரிசை அட்டைகள் எப்போதும் வளைந்து அழுந்தும். விலைப்பட்டவை முதலில் மெல்லிய உறைக்குள், பிறகு கெட்டியான ரொப் லோடருக்குள். திருகாணி போட்டு இறுக்கும் தடித்த பிளாஸ்டிக் பெட்டிகள் தொண்ணூறுகளில் மதிப்பாக இருந்தன, இப்போது தவிருங்கள். அவை அட்டையை நசுக்கிச் சப்பையாக்கியிருக்கும்.

பேஸ்மென்ற் வேண்டவே வேண்டாம். பனி உருகும் காலத்தில் நிலத்தில் வைத்த சப்பாத்துப் பெட்டிக்கு ஒரு இரவு தண்ணீர் போதும். தண்ணீர் வராவிட்டாலும் ஈரம் அட்டையை அலையலையாக வளைத்துவிடும். மேல்மாடியில், வெளிச்சுவரை ஒட்டாத அலுமாரியின் மேல் தட்டு நல்ல இடம். கராஜும் பரணும் பனிக்கும் வெயிலுக்கும் நடுவே மாறிக்கொண்டே இருக்கும், அவையும் வேண்டாம்.

விற்பதென்றால், ஈபேயில் ஒருவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள்; 'விற்கப்பட்டவை' என்று வடிகட்டி, உங்களுடையதைப் போன்ற நிலையில் உள்ளவை உண்மையில் எவ்வளவுக்குப் போயின என்று பாருங்கள். தொகை அமெரிக்க டொலரா, கனடிய டொலரா என்பதையும் கவனியுங்கள். பெரிய அட்டைகளை வருடத்தில் இரண்டு தடவை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், மிசிசாகாவில் நடக்கும் அட்டைக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்க் குறைந்தது மூன்று மேசைகளில் கேளுங்கள். வியாபாரி சந்தை விலை முழுவதையும் தரமாட்டார். அதில் பாதிக்கு மேல் சொன்னால் அது நியாயமான பேச்சு. சப்பாத்துப் பெட்டிகளை ஒருவரிடமும் ஒன்றொன்றாக விற்கமுடியாது. மொத்தமாக ஒரு சிறு தொகைக்குத் தள்ளுங்கள், அல்லது ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடை அட்டைகளை இப்போது சேர்த்துத் திரியும் பிள்ளைகள் குடும்பத்தில் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் மாற்றுவதற்கு 1991 அட்டைகளைவிடப் பொருத்தமானது வேறில்லை.

கிரெட்ஸ்கியை 1,000 டொலருக்கு மேல் விற்றால் வருமான வரி பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சொந்தப் பாவனைக்கு வைத்திருந்த பொருள் என்ற வகையில், விலை அந்தத் தொகைக்குள் இருந்தால் இலாபம் கணக்கில் வராது, அதற்கு மேல் போனால் வரலாம். வாங்கி வாங்கி விற்பவருக்கு விதி வேறு. விற்காமல் வைத்திருக்கத் தீர்மானித்தால், புதிய வீட்டுக் காப்புறுதியை எழுதும்போதே அந்த இரண்டு அட்டைகளின் இருபக்கப் படங்களையும் முகவரிடம் கொடுத்து, சேகரிப்புப் பொருட்களுக்கு எவ்வளவுவரை தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.