மாத்திரை ஒழுங்காகப் போட்டும் அம்மாவின் காலை நேர இரத்தச் சீனி இறங்கவில்லை. இரவில் பலத்த குறட்டை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உங்கள் கேள்வியின் நடுவே "எங்களுக்குத் தெரியாமல் இனிப்புச் சாப்பிடுகிறாரோ என்றும் சந்தேகம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் அநேகமாகக் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அழைத்து, சுகம் விசாரிப்பதற்கு முன்பே சீனி எவ்வளவு என்று கேட்டு, கூடியிருந்தால் அம்மாவை ஏசுகிறீர்கள். என் ஊகம் பிழையென்றால் மன்னியுங்கள். என் தம்பி அப்படித்தான் செய்தான்.

தொடர்பு உண்டு. எனக்கு 56 வயது, திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், சலரோகம் (நீரிழிவு) பிடித்துப் பதினொரு வருடம். மெற்போமின் மாத்திரை ஒருநாள் தவறியதில்லை. காலையில் குரக்கன் புட்டு, பகலில் சிவப்பரிசிச் சோறு அளவாக. தேநீருக்குச் சீனி போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். இருந்தும் வெறும் வயிற்றில் 170, 182, ஒருமுறை 190. இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.6.

ஒவ்வொரு மாதமும் கிளினிக்கில் அதே விசாரணை. வைத்தியர் கொப்பியைப் புரட்டுவார். "டீச்சர், உண்மையைச் சொல்லுங்கள், களவாக என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்பார். பின்னால் வாங்கில் நாற்பது பேர் இருப்பார்கள், அதில் பாதிப்பேரின் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் தாதி சிரிப்பார். முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன வாய், அந்தச் சிரிப்புக்கு முன்னால் அடைத்துப்போகும். ஒருநாள் வீட்டுக்கு வந்து, தீபாவளிக்கு வந்த பயற்றம்பணியாரத்தில் நான்கை ஒரேயடியாகத் தின்றேன். எப்படியும் கள்ளி என்றுதானே எழுதியிருக்கிறார்கள்! பெருமைக்காகச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் முன்னால் மனிதருக்கு அப்படித்தான் புத்தி போகிறது.

வெளிச்சத்துக்கு வந்தது சாம்பல்தீவில், தங்கச்சி மகளின் சாமத்தியவீட்டில். இரவு பெண்கள் எல்லோரும் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தோம். பெறாமகள் ஒருத்தி என் குறட்டையைச் சிரிப்பதற்காகத் தொலைபேசியில் பதிவு செய்திருக்கிறாள். காலையில் அவள் சிரிக்கவில்லை. "பெரியம்மா, இதைக் கேளுங்கள்" என்றாள். மரம் அரிவதைப்போல ஒரு சத்தம், ஏறி ஏறி, சட்டென்று அறுந்துவிடுகிறது. பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றுவது கேட்கிறது, எங்கோ ஒரு பிள்ளையின் வளையல் கிலுங்குகிறது, ஒரு பல்லி சொல்கிறது. நான் திரையில் வினாடிகளைப் பார்த்தேன்: 41. அதன்பின் கிணற்றுக்குள் மூழ்கியவள் மேலே வருவதுபோல ஒரு இழுப்பு. மறுபடி மரம் அரிதல்.

தூக்கத்தில் இப்படி மூச்சு நிற்கும் வருத்தத்தை sleep apnea என்பார்கள். பத்து வினாடி மூச்சு நின்றாலே அதை ஒரு தடவையாகக் கணக்கெடுப்பார்கள். மணிக்கு முப்பது தடவைக்கு மேல் போனால் கடுமையானது. கொழும்பில் ஒரு வைத்தியர் முதலில் தையல்காரியைப்போல நாடாவால் என் கழுத்தை அளந்தார். பிறகு நெஞ்சில் பட்டி, மூக்கில் குழாய், விரலில் ஒட்சிசன் மானி என்று மாட்டி ஒரு இரவு தூங்கவைத்தார்கள். எனக்கு மணிக்கு 38. ஒட்சிசன் 71 சதவீதம்வரை இறங்கியிருந்தது.

அவர் விளக்கியது இது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்கிறது. ஒட்சிசன் இறங்கியதும் உடல் ஆபத்து என்று அலறி அதிரினலின், கோட்டிசோல் என்ற ஓமோன்களை ஊற்றுகிறது. ஓடித் தப்புவதற்குச் சக்தி வேண்டுமென்று ஈரல் குளுக்கோசை இரத்தத்தில் விடுகிறது. இன்சுலினின் சொல்லையும் தசைகள் சரியாகக் கேட்பதில்லை. இது மணிக்கு முப்பத்தெட்டுத் தடவை, ஒவ்வொரு இரவும். நான் பாயில் கிடந்தேன், என் ஈரல் எனக்கே தெரியாமல் சீனி பரிமாறிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் கேட்டுப்பாருங்கள்: அம்மா இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழும்புகிறார்? நான் நான்கு முறை. சீனி கூடியதால்தான் என்றார்கள், அது ஒரு காரணம்தான். அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது இதய அறை விரிந்து, நீரை வெளியேற்றச் சொல்லும் ஒரு ஓமோனைச் சுரக்கிறது. இந்த வருத்தத்துக்குத் தரும் இயந்திரத்தை மாட்டிய முதல் வாரத்திலேயே எனக்கு ஒருமுறையாகக் குறைந்தது.

இயந்திரம் என்பது முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுவழியைத் திறந்துவைத்திருக்கும் பெட்டி. சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் கண்டுபிடித்து 1981இல் அறிவித்தது. ஆரம்பத்தில் வெக்யூம் கிளீனரின் மோட்டாரைத்தான் பயன்படுத்தினாராம். மகனின் மோட்டார் சைக்கிளுக்குச் சேர்த்த காசு அதற்குப் போனது. மீதியை ஏசின தம்பியே அனுப்பினான்.

வைத்தியர்கள் யாராவது வாசித்தால் சண்டைக்கு வரவேண்டாம். குறட்டையை நிறுத்தினால் சலரோகம் மாறும் என்று நான் சொல்லவில்லை. இந்த இயந்திரத்தால் மூன்று மாதச் சராசரி குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு, குறையவில்லை என்பவையும் உண்டு. இரவில் இரண்டு மணித்தியாலம் போட்டுவிட்டுக் கழற்றி எறிந்தால் பலன் இராது. விடியற்காலையில் ஓமோன்கள் ஏறுவதால் குறட்டை விடாதவர்களுக்கும் காலைச் சீனி கூடலாம். எனக்கு ஆறு மாதத்தில் 8.6 என்பது 7.5 ஆனது. ஆனால் அதே காலத்தில் ஒரு மாத்திரையும் மாற்றினார்கள், நானும் காலையில் நடக்கத் தொடங்கினேன். எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

நடை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. பிரட்ரிக் கோட்டை வாசல்வழியாகக் கோணேசர் கோயில்வரை போய்வருகிறேன். அங்கே திரியும் புள்ளிமான்களுக்குச் சுற்றுலா வருபவர்கள் பாணும் பிஸ்கற்றும் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். உறையையும் அங்கேயே போடுகிறார்கள், மான் அதையும் மென்றுவிடுகிறது. ஒருவரிடம் சொன்னேன். "உங்கள் மானா?" என்று கேட்டார். ஆம் ஐயா, எங்கள் மான்தான்.

சரி, உங்கள் அம்மா. மாத்திரையை நீங்களாகக் கூட்டச் சொல்லாதீர்கள். 2008இலேயே சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, சலரோகம், தூக்கத்தில் மூச்சு நிற்பது ஆகிய இரண்டில் ஒன்று இருப்பவரிடம் மற்றதும் இருக்கிறதா என்று பாருங்கள் என வைத்தியர்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஆகவே கிளினிக்கில் நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. வீட்டில் கூட இருப்பவரிடம் சொல்லி ஒரு இரவு ஒலிப்பதிவு செய்யுங்கள். காலையில் தலையிடி, பகலில் கண் சொருகுதல் இருக்கிறதா என்று கேளுங்கள். இது ஆண்களின் வருத்தம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், மாதவிடாய் நின்றபிறகு பெண்களுக்கும் கூடுகிறது.

அம்மா இலேசில் ஒப்புக்கொள்ளமாட்டார். களவாகச் சாப்பிட்டதாகச் சொன்னதற்கு அவ்வளவு கொதித்த நான், அன்று காலை அந்த ஒலிப்பதிவை முழுவதும் கேட்டுவிட்டு, "இது நானில்லை, பக்கத்தில் படுத்த மாமி" என்றேன்.