கானாவில் திறப்பு விழா: முதல் அழைப்பு யாருக்கு?

கேள்வி: நான் பண்ருட்டிக்காரன், முந்திரித் தொழிலில் இருக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில், டெச்சிமான் நகருக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனி முந்திரி ஆலை ஒன்றைத் தொடங்குகிறது. திறப்பு விழா ஏற்பாடு என் பொறுப்பு. அழைப்பிதழின் மேலே கானா அரசு முத்திரையை அச்சிடலாமா? மேடையில் கொடி வைப்பது எப்படி? அங்குள்ள ‘ரீஜனல் மினிஸ்டர்’ நம் முதலமைச்சர் போன்றவரா? ஊர் ராஜா என்று ஒருவர் இருக்கிறாராம். அவரை மரியாதைக்கு அழைத்தால் போதுமா? யாரை முதலில் அழைப்பது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான விடை தெரிந்துவிட்டால் மற்றவை தானாகவே புரியும். முதலில் போக வேண்டியது ராஜாவின் அரண்மனைக்கு. அதுவும் தபாலிலோ வாட்ஸப்பிலோ அல்ல, நேரில். அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் கடிதம் அதன் பிறகு போகட்டும்.

ஏன் என்பதற்கு நீங்கள் அச்சிட நினைக்கும் முத்திரையையே பாருங்கள். ஆமன் கோட்டே என்ற ஓவியர் வரைந்தது; சுதந்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால், 1957 மார்ச் 4 அன்று நடைமுறைக்கு வந்தது. நடுவில் ஒரு கேடயம். பொன் விளிம்பிட்ட பச்சைச் சிலுவை அதை நான்காகப் பிரிக்கிறது. கீழே இடப்பக்கம் கொக்கோ மரம், வலப்பக்கம் தங்கச் சுரங்கம். இரண்டும் நாட்டின் செல்வம். மேலே வலப்பக்கம் கடலோரக் கோட்டை. தலைநகர் அக்ராவில் உள்ள ஓசு கோட்டை அது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய அதே டேனியர்கள் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போய், சுதந்திர கானாவிலும் பல ஆண்டுகள் ஆட்சித் தலைமையகமாக இருந்தது. முத்திரையில் அது மத்திய அரசைக் குறிக்கிறது. இப்போது ஜனாதிபதி இருப்பது ஜூபிலி ஹவுஸில். அந்தக் கட்டடம் இந்திய அரசு கொடுத்த கடனில் எழுந்தது என்பதை உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள், விழாப் பேச்சுக்கு உதவும்.

மேலே இடப்பக்கக் கட்டம்தான் நம் விஷயம். அதில் ஒரு வாளும் ஒரு கோலும் குறுக்காக நிற்கின்றன. வாள் ராஜாக்களுடையது. கோல், ராஜாவின் சார்பில் பேசும் ‘ஒச்சியாமே’ என்பவருடையது. சுதந்திர நாடு தன் முத்திரையில் கோட்டைக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், ஊர் ஆட்சிக்கும் இடம் கொடுத்திருக்கிறது. 1992 அரசியல் சாசனமும் அந்த இடத்தை உறுதிப்படுத்துகிறது. ஒருவரை ராஜாவாக அங்கீகரிக்கவோ அங்கீகாரத்தைப் பறிக்கவோ அரசுக்கு அதிகாரம் தரும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற முடியாது. பதிலுக்கு, ராஜாக்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது. அவர்களுக்கென்று மாகாணம் தோறும் ஒரு மன்றம், நாட்டுக்கு ஒரு தேசிய மன்றம் உண்டு.

இதைவிட நேரடியான காரணமும் இருக்கிறது: உங்கள் ஆலை நிற்கும் மண். கானாவில் நிலத்தின் பெரும்பகுதி இன்னும் மரபு உரிமையில்தான் இருக்கிறது. தென்பகுதியில் அதை ‘ஸ்டூல் நிலம்’ என்பார்கள். ஸ்டூல் என்றால் ராஜாவின் அரியணை. வெளிநாட்டவர் அங்கே நிலத்தை வாங்க முடியாது, குத்தகைக்குத்தான் எடுக்கலாம். அதுவும் ஒரு தடவையில் அதிகபட்சம் 50 ஆண்டு. உங்கள் குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், ஸ்டூல் நிலமா என்று தெரிந்துவிடும். ஆமென்றால், நீங்கள் கட்டும் வாடகையில் 10 சதவீதம் நிர்வாகச் செலவுக்குப் போகிறது. மீதியில் 25 சதவீதம் ஸ்டூலுக்கு, 20 சதவீதம் மரபு ஆட்சிக்கு, 55 சதவீதம் வட்டார அசெம்பிளி என்ற உள்ளாட்சி மன்றத்துக்கு. இது சாசனத்திலேயே எழுதப்பட்ட பங்கு. அப்படிப்பட்டவரை ‘மரியாதைக்கு’ என்று கடைசி நேரத்தில் கூப்பிட்டால் ஊரே கவனிக்கும்.

அரண்மனைக்குப் போவது எப்படி? முன்கூட்டியே அங்குள்ள செயலாளரிடம் நேரம் கேளுங்கள். கையில் ஷ்நாப்ஸ் என்ற மதுப் புட்டி கொண்டுபோவது வழக்கம். எத்தனை என்று உள்ளூர் ஊழியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவரையே கூட்டிக்கொண்டும் போங்கள். சபையில் வணக்கம் சொல்லும்போது வலது ஓரத்திலிருந்து தொடங்கி இடது பக்கமாக நகர வேண்டும். கொடுப்பதும் வாங்குவதும் கையசைப்பதும் வலது கையால் மட்டும். இது நமக்குச் சிரமமே இல்லை. தொப்பி கூடாது, சட்டைப் பையில் கை கூடாது, கால்மேல் கால் கூடவே கூடாது. ராஜா கை நீட்டினால் மட்டும் குலுக்குங்கள்.

உட்கார்ந்ததும் ‘என்ன காரியமாக வந்தீர்கள்’ என்று முறைப்படி கேட்பார்கள். அதற்கு முன்னால் விஷயத்தை எடுக்காதீர்கள். கேட்பவர் ஒச்சியாமேதான், நீங்களும் பதிலை அவரிடம்தான் சொல்ல வேண்டும். ராஜா மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார், நீங்கள் சொல்வது அவர் காதில் விழும். ஆனாலும் அது ஒச்சியாமே வாயிலாகப் போய், அவர் வாயிலாகவே திரும்பி வரும். பொறுமையாக இருங்கள். அவர் கையில் இருக்கும் கோலின் உச்சியைக் கவனியுங்கள். மரத்தில் செதுக்கிப் பொன்தகடு போர்த்திய சிறு உருவம் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பழமொழி. அதிகம் அறியப்பட்டது முட்டையைப் பிடித்திருக்கும் கை. அதிகாரம் முட்டை மாதிரி; இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும்.

ஒரு எச்சரிக்கை. சில ஊர்களில் ஒரே பட்டத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவதுண்டு. மாகாண ராஜாக்கள் மன்றத்தில் பதிவேட்டில் உள்ள பெயர் எது என்று விசாரித்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

சரி, அரசாங்கப் பக்கம். ரீஜனல் மினிஸ்டர் முதலமைச்சர் அல்ல. கானா ஒற்றையாட்சி நாடு. 2019இல் 10 மாகாணங்கள் 16 ஆயின, டெச்சிமானைத் தலைநகராகக் கொண்ட போனோ ஈஸ்ட் அப்போது பிறந்ததுதான். எந்த மாகாணத்துக்கும் சட்டமன்றம் கிடையாது. ஜனாதிபதி நியமித்து நாடாளுமன்றம் ஒப்புதல் தருபவரே ரீஜனல் மினிஸ்டர். அவருக்குக் கீழே நகராட்சியில் ‘எம்.சி.இ’, மாவட்டத்தில் ‘டி.சி.இ’ என்ற நிர்வாகத் தலைவர்கள். நம் ஊர்க் கலெக்டர் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் அரசியல் நியமனம். ஜனாதிபதி ஒருவரின் பெயரை முன்மொழிவார், உள்ளூர் அசெம்பிளியில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்க வேண்டும். ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார். ஜான் மஹாமா 2025 ஜனவரி 7 அன்று மறுபடி ஜனாதிபதியானதால், அதற்கு முந்தைய விருந்தினர் பட்டியல் ஏதாவது ஆபீசில் கிடந்தால் அதை நம்ப வேண்டாம்.

எம்.பி.யையும் அழையுங்கள். கானா நாடாளுமன்றம் 276 பேர் கொண்ட ஒரே அவை. அமைச்சர்களில் பெரும்பான்மையினர் எம்.பி.க்களிலிருந்தே வர வேண்டும் என்பது சாசன விதி, அதனால் உங்கள் எம்.பி.யே அமைச்சராகவும் இருக்கலாம். விசாரித்துப் பட்டத்தைச் சரியாகப் போடுங்கள். அமைச்சர், எம்.பி. இருவருக்கும் பெயருக்கு முன் ‘ஹானரபிள்’. ராஜாவுக்கு ‘நானா’. மேடை வரிசைச் சிக்கலை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். மாகாண ஒருங்கிணைப்பு கவுன்சிலில் அதற்கென்று அதிகாரிகள் இருக்கிறார்கள், அழைப்புக் கடிதம் கொடுக்கும்போதே கேளுங்கள். பொதுவாக ராஜாவும் பரிவாரமும் ஒரு பக்கமாகவும், அதிகாரிகள் எதிர்ப்பக்கமாகவும் உட்காருவார்கள். இந்த ஏற்பாட்டுக்கு அங்கே பெயர் ‘தர்பார்’, ஆங்கிலேயர் நம் பக்கமிருந்து கொண்டுபோனது. ராஜா தனியாக வரமாட்டார். குடை பிடிப்பவர், ஒச்சியாமே, பெரியவர்கள், முரசுக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். நாற்காலியும் சாப்பாடும் தாராளமாக இருக்கட்டும்.

முத்திரையை அழைப்பிதழில் போடாதீர்கள். அது அரசுக்கு உரியது. அனுமதியில்லாமல் தனியார் பயன்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. கம்பெனி லோகோ போதும்.

கொடி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். தியோடோசியா ஓக்கோ என்ற பெண்மணி வடிவமைத்தது. மேலே சிவப்பு, நடுவே பொன்மஞ்சள், கீழே பச்சை, மஞ்சளின் நடுவில் ஐந்து முனைக் கறுப்பு நட்சத்திரம், ஒரு முனை நேர் மேலே. சிவப்பு விடுதலைக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு, மஞ்சள் கனிம வளத்துக்கு, பச்சை காடுகளுக்கு, நட்சத்திரம் ஆப்பிரிக்க விடுதலைக்கு. அச்சகத்தில் தவறு நடப்பது இங்கேதான். நட்சத்திரம் விட்டுப்போனால் பொலிவியாவின் நிறவரிசை. தலைகீழானால் எத்தியோப்பியாவின் பழைய மூவர்ணம். பட்டைகளைச் செங்குத்தாக்கினால் கினி. இணையத்தில் படம் தேடினால் மஞ்சளுக்குப் பதில் வெள்ளைப் பட்டை உள்ள கொடியும் வரும்; 1964 முதல் 1966 வரை, முதல் ஜனாதிபதி என்க்ருமாவின் கட்சி மட்டுமே அனுமதிக்கப்பட்ட காலத்தில், அக்கட்சி நிறத்தில் பறந்தது அது. அதை மேடையில் வைத்தால் பெரிய சங்கடம். இந்தியக் கொடியும் வைப்பதானால் இரண்டும் ஒரே அளவு, ஒரே உயரம். பார்வையாளர்கள் பக்கமிருந்து பார்த்தால் கானா கொடி இடப்பக்கம் இருக்கட்டும்.

அலங்காரத்தில் இரண்டு கவனம். ஆளும் என்.டி.சி.யின் சின்னம் குடை, எதிர்க்கட்சி என்.பி.பி.யின் சின்னம் யானை. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேர்ந்தால் என்.பி.பி. நிறம். வாசலில் யானை பொம்மை வைக்கலாம் என்று நம்மவர் யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், ஊழியர்களுக்குச் சீருடை டி-சட்டை தைப்பதானால் கறுப்பும் சிவப்பும் தவிர்க்கவும். போனோ, அசாந்தி மக்களுக்கு அவை இழவு வீட்டு நிறங்கள். வெள்ளை நல்ல காரியத்துக்கு உரியது. இந்த விஷயத்தில் நம் வழக்கத்தை மறந்துவிடுங்கள்.

தொடக்கத்தில் தேசிய கீதம், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். பிலிப் பெஹோ இசையமைத்தது, சரியான பதிவை முன்னாலேயே வாங்கி ஒலிபெருக்கியில் போட்டுப் பாருங்கள். பிறகு பிரார்த்தனை. டெச்சிமானில் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் கணிசமாக இருப்பதால் இரு தரப்பிலும் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னோரை நினைத்து மதுவைத் தரையில் ஊற்றும் சடங்கும் நடக்கலாம், அதை அரண்மனைதான் முடிவு செய்யும்.

விழா முடிந்த மறுநாள் ஊர் திரும்ப டிக்கெட் போடாதீர்கள். காலையில் அரண்மனைக்குப் போய் நேற்று வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். முதல் தடவை கூட்டிப்போன அதே உள்ளூர் ஊழியரோடு போங்கள். அமைச்சருக்கும் எம்.சி.இ.க்கும் நன்றிக் கடிதம் போதும்.