மாஸ்டரின் கையும் எழுதி வைத்த தாளும்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் அப்பா தொடங்கிய இனிப்பு, காரக் கடையை நான் நடத்தி வருகிறேன். எங்கள் முறுக்குக்கும் காராசேவுக்கும் நல்ல பெயர் உண்டு. சென்ற ஆண்டு தஞ்சாவூரில் இரண்டாவது கடை திறந்தோம். அங்கே முறுக்கு ஒரு நாள் கரகரப்பாக வருகிறது, மறுநாள் எண்ணெய் குடித்துக் கிடக்கிறது. "இது திருச்சிக் கடைச் சரக்கு இல்லை" என்று வாடிக்கையாளர்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். வாரத்தில் பாதி நாள் எனக்கு பஸ்ஸிலேயே போகிறது.

எஸ்.ஓ.பி., அதாவது ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்ற செயல்முறையை, எழுதினால்தான் தொழில் வளரும் என்று ஓர் ஆலோசகர் ஆங்கிலத்தில் தடித்த கோப்பு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். எங்கள் சரக்கு மாஸ்டர் அப்பா காலத்து மனிதர். அதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நான் எதற்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கைப்பக்குவத்தைக் காகிதத்தில் எழுத முடியுமா? எழுதிவிட்டால் அதை எடுத்துக்கொண்டு யாராவது எதிரிலேயே கடை போட்டுவிட மாட்டார்களா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
திருச்சி வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாஸ்டர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் எந்தக் கோப்பும் உங்கள் அடுப்படிக்குள் நுழையாது. செயல்முறையை எழுதி வைக்காமல் தஞ்சாவூர்க் கடை நிற்காது என்று ஆலோசகர் சொன்னது சரிதான். ஆனால் அதை எழுத வேண்டியவர் உங்கள் மாஸ்டர்.

ஜப்பானியக் கார் நிறுவனமான டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ, 1937-38இல் டொயோடா நூற்பு நெசவு ஆலையில் வேலை பார்த்தார். நெசவு வேலைக்கான செயல்முறையை எழுதும்படி மேலதிகாரி சொல்ல, கடையில் ஒரு புத்தகம் வாங்கி அதை வைத்து எப்படியோ எழுதி முடித்தார். பின்னாளில் அவர் அழுத்திச் சொன்னது வேறு. சரியான செயல்முறையை மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது. வேலை நடக்கும் இடத்தில் பலமுறை செய்து பார்த்துத் திருத்த வேண்டும். பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் விளங்க வேண்டும். மேலிருந்து திணிக்காமல் தொழிலாளர்களே வகுக்க வேண்டும். டொயோட்டாவில் செயல்முறையை எழுதி வைக்கும் தாளில் அடிப்படையாக இருப்பவை மூன்றே விஷயங்கள்: ஒரு பொருளை எவ்வளவு நேரத்தில் முடிப்பது, எந்த வரிசையில் செய்வது, கையில் எவ்வளவு சரக்கு வைத்துக்கொள்வது. உங்கள் கோப்பு எத்தனை பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. அது ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதே போதும், அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அமெரிக்காவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948இல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் சான் பெர்னார்டினோ கடையைச் சில மாதங்கள் மூடினார்கள். டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் சமையலறையை வரைந்து, வேலையாட்களை அதற்குள் நடமாடவிட்டு, யார் யார் மீது மோதுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கோடுகளை மாற்றினார்கள். அதைவிட முக்கியம், விற்கும் பண்டங்களை ஒன்பதாகக் குறைத்தார்கள். தஞ்சாவூரிலும் திருச்சியின் முழுப் பட்டியலையும் விற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது வேண்டாம்.

மாஸ்டரின் கேள்விக்கான பதில் மதுரையில் இருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மெக்டொனால்ட் கடைகளில் எந்த ஊருக்குப் போனாலும் பண்டம் ஒரே தரத்தில் கிடைப்பதை வியந்தவர் அவர். கண்புரை அறுவைச் சிகிச்சையையும் அப்படிச் செய்ய முடியாதா என்று கேட்டார். அங்கே ஓர் அறுவை மருத்துவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த நோயாளி மற்றொன்றில் தயாராகிவிடுவார். முதல் கண் முடிந்ததும் நுண்ணோக்கி அந்தப் பக்கம் திரும்பும். நோயாளியைத் தயார் செய்வது, கருவிகளை வரிசைப்படுத்தி நீட்டுவது எல்லாம் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பு. அவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்து இரண்டு ஆண்டு பயின்றவர்கள். இத்தனையும் வகுத்து வைத்ததால் அறுவை மருத்துவரின் கை மதிப்பிழந்துவிட்டதா? அந்தக் கையால் மட்டுமே ஆகிற வேலை அதற்கு மிஞ்சியது, பார்வை பெற்றவர்கள் பெருகினார்கள். "அப்படியானால் நான் எதற்கு?" என்று கேட்டவரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் இன்று மாவு நிறுப்பதிலும் விறகையோ கேஸையோ கவனிப்பதிலும் செலவழிக்கும் பொழுது அவருடைய திறமைக்கு அவமானம்.

சரி, முறுக்கை எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். எண்ணெய் காய்ந்துவிட்டதை அவர் எப்படி அறிகிறார்? மாவில் ஒரு துளி கிள்ளிப் போடுகிறார். அடியிலேயே தங்கினால் காயவில்லை. போட்டவுடன் மேலே வந்து கருகினால் அதிகம் காய்ந்துவிட்டது. அவர் "இப்போது சரி" என்று சொல்லும் கணத்தில் வெப்பமானியை விட்டு, காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஈட்டுக்கு எத்தனை முறுக்கு போடுகிறார் என்று எண்ணுங்கள். தஞ்சாவூரில் முறுக்கு எண்ணெய் குடிக்கிற நாட்களில், மாலைக் கூட்டத்தைப் பார்த்து அவசரப்பட்டு ஓர் ஈட்டில் கூடுதலாகப் போட்டிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அதிகம் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். சூடு இறங்கிய எண்ணெயில் மேல்பக்கம் சீக்கிரம் மொறுமொறுக்காமல் மாவு எண்ணெயை வாங்கிக்கொள்ளும். எப்போது எடுப்பது? சலசலப்பு அடங்கியதும் என்பார் மாஸ்டர். அதை அப்படியே அவர் சொல்லில் எழுதுங்கள். "ஈரப்பதம் நீங்கிய பின்" என்று திருத்தி எழுதினால் கரண்டி பிடிக்கிற பையனுக்கு அது பயன்படாது.

எண்ணெயை எப்போது கொட்டுவது என்பதில் மட்டும் யாருடைய கைப்பக்குவமும் வேண்டாம். காய்ச்சிய எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் கெட்டு உண்டாகிறவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அளக்கும் கருவி வாங்கி, அளந்தவர் கையெழுத்தோடு பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

எழுத முடியாததும் உண்டு. புது அரிசி, பழைய அரிசி, மழைக்கால மாவு, இவற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு என்பதற்கு ஒரே அளவு கிடையாது. "இழை அறுந்தால் தண்ணீர் தெளி, அச்சில் ஒட்டினால் மாவு சேர்" என்பது வரைக்கும்தான் தாள் வரும். மிச்சம் விரலுக்குப் பழக வேண்டியது. தஞ்சாவூர்ப் பையன்களை ஒரு மாதம் திருச்சியில் மாஸ்டரிடம் விடுங்கள், சம்பளத்தோடு விடுங்கள்.

களவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அடுப்படியில் நிற்கிற எவரும் இன்றைக்கே அளவுகளை மனப்பாடமாகக் கொண்டுபோக முடியும். தாள் புதிதாக எதையும் திறந்துவிடவில்லை. மாஸ்டர் போய்விடுவாரோ என்பது உங்கள் உண்மையான பயம் என்றால், தாளின் தலைப்பில் அவர் பெயரைப் போடுங்கள், பயிற்சி கொடுப்பதற்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள். அறிவைக் கொடுத்தவருக்குக் கூலி உயராத இடத்தில் செயல்முறை என்பது சுரண்டல்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இன்னொன்று: கூட்டம் நெரிகிற நாளில் முதலாளியே "இன்றைக்கு மட்டும்" என்று தாளை மீறினால் மறுநாள் அதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

தீபாவளிச் சரக்கு போடுகிற நேரத்தில் இதைத் தொடங்காதீர்கள். ஆடியில் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது தொடங்குங்கள், முறுக்கு மட்டும், ஒரே பக்கம். பையன் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தனியாகப் போட்ட ஓர் ஈட்டை மாஸ்டரிடம் கொடுத்துச் சுவைக்கச் சொல்லுங்கள். அவர் குறை சொன்னால், பையனைத் திட்டுவதற்கு முன் பக்கத்தில் என்ன விட்டுப்போயிற்று என்று இருவரையும் உட்கார வைத்துத் தேடுங்கள். காராசேவு அதற்குப் பிறகு.

அன்புடன்