மறு: தண்டனைக் கழிவையும் சேர்த்து 14 ஆண்டுகள் ஆகியும் அண்ணனை ஏன் விடவில்லை?

வணக்கம். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற உங்கள் அண்ணனுக்குச் சிறைவாசம் 11 ஆண்டுகளும் நன்னடத்தைக் கழிவு (நன்னடத்தைக்காகக் குறைக்கப்படும் தண்டனைக் காலம்) 3 ஆண்டுகளும் ஆகின்றன என எழுதியிருந்தீர்கள். இத்தகைய குற்றத்திற்கு, கழிவு நாட்கள் நீங்கலாக 14 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 475. அதன் பிறகும் விடுதலை தானாக வராது, ஏனெனில் ஆயுள் தண்டனை என்பது வாழ்நாள் முழுமைக்குமானது. இதை வழக்கறிஞர்கள்கூடச் சில வேளை குடும்பத்தாருக்குத் தெளிவாகச் சொல்வதில்லை என்பது எனக்கு வேதனை தருகிறது.

ஆயினும், அரசமைப்பின் 161ஆம் உறுப்பின்படி ஆளுநருக்குள்ள மன்னிப்பு அதிகாரத்தை இந்த 14 ஆண்டு வரம்பு கட்டுப்படுத்தாது. அவர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்பதைப் பேரறிவாளன் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்டனை விதிக்கப்பட்ட நாளில் நடைமுறையிலிருந்த முன்விடுதலை (தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவித்தல்) அரசாணையின் நகலை முதலில் பெற்று, அதன் அடிப்படையில் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக மனு அளியுங்கள்.