ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் மீது ஏன் இத்தனை பாசம்?

உசைன் போல்ட் ஓடிய காலத்தில் ஓடியும் ஜமைக்கா ஓட்டப்பந்தய வீராங்கனை ஷெல்லி-ஆனுக்குத் தனியாக இவ்வளவு ரசிகர்கள் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பதக்கங்கள் ஒரு காரணம், சரிதான். 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் 100 மீட்டர் ஒலிம்பிக் தங்கம். அதே ஓட்டத்தில் ஐந்து உலகப் பட்டங்கள். ஆனால் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் வாட்டர்ஹவுஸ் என்ற ஏழ்மையான பகுதியில், தெருவில் சாமான் விற்ற அம்மா வளர்த்த பெண் அவர். உயரம் ஐந்தடிதான். ‘பாக்கெட் ராக்கெட்’ என்று செல்லப்பெயரே வந்துவிட்டது.

என்னைக் கட்டிப்போட்டது 2019 தோஹா உலகத் தடகளப் போட்டியின் 100 மீட்டர் ஓட்டம். 2017-இல் மகன் ஸயான் பிறந்தபோது, இனி அவ்வளவுதான் என்று பலர் முடிவுகட்டியிருந்தார்கள். ஆனால் தோஹாவில் வானவில் நிறத்தில் கூந்தல், முதல் சில அடிகளிலேயே முன்னிலை, 10.71 விநாடி! அப்புறம் இரண்டு வயது நிரம்பிச் சில வாரங்களே ஆன அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பிய எந்தப் பெண்ணுக்கும் அந்தக் காட்சி புரியும்.

அதோடும் நிற்கவில்லை. தன் அதிவேகமான 10.60-ஐ 2021-இல், 34 வயதில் ஓடினார். மகனின் பள்ளி விளையாட்டு விழாவில், பெற்றோர் பந்தயத்திலும் முழு வேகத்தில்தான் ஓடினார்!